குறைவாகக் குடிக்கும் எஞ்சின்

எஞ்சின் செய்வது பாதி வேலைதான். அது குறைவாகக் குடிக்கிறது என்று வாங்கியவரை நம்பவைப்பது மீதிப் பாதி, அதற்கு எந்தப் பாலிடெக்னிக்கிலும் பாடம் இல்லை. குழித்துறைக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் நாங்கள் சின்ன டீசல் எஞ்சின்கள் செய்தோம். மீன்பிடி வள்ளத்துக்கு ஒரு வகை, வயலுக்குத் தண்ணீர் இறைக்க ஒரு வகை. வார்ப்பு இரும்பு கோயம்புத்தூரிலிருந்து வரும். கடைவது, கோப்பது, சோதிப்பது எல்லாம் மணிக்கொரு சாயா குடித்தபடி எங்கள் கையில். மற்ற எஞ்சின்களை விட எங்களுடையது குறைந்த எண்ணெயில் ஓடும், குறைவாகப் புகையும் என்பதுதான் எங்கள் ஒரே பெருமை.

நான் அங்கே சோதனைப் பிரிவிலும் சர்வீஸிலுமாகப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். மிக்ஸியோ மோட்டாரோ தையல் மெஷினோ, எதையாவது விற்றுவிட்டுப் பிறகு வாங்கியவர் வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

குமட்டலே தகுதி

2006-ல் டிப்ளமா முடித்த கையோடு பேட்டிக்குப் போனேன். முதலாளி டேனியல் சார், வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் நெடுநாள் இருந்துவிட்டுத் திரும்பியவர். கூடப் போனவர்கள் எல்லாரும் ஊரில் மாடி வீடு கட்ட, இவர் பட்டறை கட்டினார். வீடு பழைய ஓட்டு வீடாகவே நின்றது. அவருக்குப் பின்னால் ஃபோர்மேன் மாதவன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, 'பொம்பளப் பிள்ளையா?' என்று முகத்தாலேயே கேட்டபடி நின்றார்.

சார் சான்றிதழைப் புரட்டக்கூட இல்லை. "டீசல் மணம் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிடிக்கும் என்று பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு எஞ்சின் அந்த நேரம் பார்த்துப் புகையைக் கக்க, எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "இல்ல சார். பஸ்ல பின் சீட்ல இருந்தா மார்த்தாண்டம் வாறதுக்குள்ள வாந்தி எடுத்துருவேன்" என்றேன். மாதவன் அண்ணன் சத்தமாகச் சிரித்துவிட்டார். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்: "சிரிக்காண்டாம் அண்ணே. எரியாம வெளிய போற எண்ணெய்தான் மணக்குது. நமக்க மூக்கெல்லாம் செத்துப் போச்சு. உயிரோட ஒரு மூக்கு பட்டறையில வேணும்."

அண்டி ஆபீஸ் விரல்கள்

முந்திரிப் பருப்பு உடைக்கிற ஆலையை எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்போம். பட்டறைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒன்று மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்த பெண்கள் பதினொரு பேர் ஒரு காலையில் எங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். தோட்டெண்ணெய் பட்டு விரல் நுனி எல்லாருக்கும் கறுத்திருந்தது. முன்னால் நின்றவர் தங்கபாய் அக்கா. "தூத்து வாரவாவது ஆள் வேணுமா சார்?" என்று கேட்டார். "தூத்து வார ஆள் வேண்டாம், எஞ்சின் கோக்க ஆள் வேணும்" என்றார் சார். மாதவன் அண்ணன் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று கெஞ்சித்தான் சார் அதைத் திரும்ப அவர் கையில் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் பிஸ்டன் வளையங்கள் புதிதாக ஒரு பெட்டி வந்தது. பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற அந்த வளையம் மயிரிழை மெலிந்தாலும் வலு கசியும், எண்ணெய் வீணாகும். அக்கா ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, சிலதைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் ஏழு ஒதுங்கிவிட்டது. "என்ன, வளையல் கடையா இது?" என்று அண்ணன் அதட்ட, "இது மெலிசு அண்ணே" என்றார் அக்கா.

அண்ணன் மைக்ரோமீட்டரை எடுத்து வந்தார். ஏழும் மெலிசு. விடாமல், அக்கா நல்லது என்று வைத்திருந்ததில் இருபதை அளந்தார். இருபதும் சரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார். அக்கா தலை நிமிராமலே சொன்னார்: "நல்ல பருப்பு, சொத்தப் பருப்பு, மெலிஞ்ச பருப்புண்ணு இருவது வருசம் தடவிப் பாத்த விரலாக்கும் இது. இரும்பு அதவிட எளுப்பம் அண்ணே, கையப் பொள்ளாது."

சத்தம் போதாது

முட்டத்தில் எங்கள் வள்ளத்து எஞ்சினை முதலில் வாங்கியவர் சூசை அண்ணன். அதுவரை அவரிடம் இருந்தது மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். கடலுக்குப் போகும்போது மீனுக்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, கேனுக்கு இடம் வேண்டும். ஒரு மாதம் கழித்து சர்வீஸுக்குப் போனேன். எண்ணெய் எப்படி என்று கேட்டேன். நல்ல குறைச்சல் என்றார். புகை? இல்லவே இல்லை என்றார். முகம் மட்டும் தெளியவில்லை. துருவிக் கேட்டதற்கு, "சத்தம் போதாது பிள்ளே" என்றார்.

விஷயம் இதுதான். பழைய எஞ்சின் லைட் ஹவுஸுக்கு அந்தப் பக்கம் வரும்போதே ஊருக்குக் கேட்டுவிடும். கேட்டதும் அவர் மனைவி பிலோமி அக்கா உலை வைப்பார். வள்ளத்தைக் கரையேற்றி, மீனைப் பிரித்து, வலையை எடுத்து அவர் வீட்டுக்கு வரவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும். இப்போது அவர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் அரிசியே களைகிறார்கள். ஒரு மாதமாக மனிதர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். சைலன்ஸரில் ஒரு ஓட்டை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நான் மிக மரியாதையாக, சத்தம் என்பது வீணாகிற சக்தி என்று பரீட்சைக்கு எழுதுவதுபோல விளக்கிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து பிலோமி அக்கா வந்தார். "எஞ்சின் பறையல்லண்ணு குறை சொல்லுதாரு. இவருக்க வாய் எதுக்கு இருக்கு? பையில கிடக்க போன்ல ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? எஞ்சினும் பறையாது, இவரும் பறையமாட்டாருண்ணா எனக்கென்ன சொப்பனமா வரும்?"

ஆள் மிச்சம்

இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நான் பொய் சொன்னது மாதிரி ஆகும்.

சோதனை மேசையில் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் டீசல் ஊற்றி, எஞ்சின் அதைக் குடித்து முடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று நான் குறிப்பேன். வினாடி கூடினால் எஞ்சின் நல்லது. அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி எஞ்சினில் கட்டுவேன். அட்டையைப் பார்த்து சார் "கொள்ளாமே!" என்பார், நன்றாக இருக்கிறதே என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு நான் அடிமையாகிவிட்டேன். எண்ணெய் பம்பில் ஒரு திருகு உண்டு. எஞ்சின் ஒரு நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்பதற்கு அது எல்லை. அதை அரைச் சுற்று உள்ளே திருப்பினால் அட்டை இன்னும் அழகாக இருக்கும். ஐந்து எஞ்சின்களில் திருப்பினேன். அளவுக்கு மேல் பளு ஏற்றியும் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது பட்டறை விதி. அந்த ஐந்துக்கும் நான் அதைச் செய்யவில்லை. மறந்துபோய் இல்லை. ஏற்றினால் திணறும் என்று தெரிந்தே விட்டேன்.

அதில் ஒன்று சூசை அண்ணனின் தம்பி அருளப்பனுக்குப் போனது. ஆனி மாதம், கடல் கலங்கிய காலம். கரையை விட்டதும் உடைகிற அலைகளைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுக்க வேண்டும். என் எஞ்சின் கொடுக்கவில்லை. வள்ளம் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. வள்ளத்தில் இருந்த நாலு பேரும் நீந்திக் கரைக்கு வந்துவிட்டார்கள். அருளப்பனுக்குத் தோள் எலும்பு விலகிவிட்டது. வலை போயிற்று. சாரும் நானும் போனபோது வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது, சுற்றிலும் கூட்டம். சார் பம்பைப் பார்த்தார். திருகைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நாந்தான் திருப்புனேன்" என்றேன். கூட்டத்தின் இரைச்சலில் அது யாருக்கும் எட்டவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். வைத்தியமும் வலையும் எங்கள் பொறுப்பு என்று சார் அங்கேயே சொன்னார். மீதி நாலு எஞ்சின்களும் அன்று சாயங்காலத்துக்குள் பட்டறைக்குத் திரும்பின. திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. சூசை அண்ணன் மட்டும் கைலியைப் பிழிந்தபடி சொன்னார்: "எண்ணெய மிச்சம் பிடிச்சது கொள்ளாம் பிள்ளே. ஆளையும் மிச்சம் வைக்கண்டாமா?"

கடலுக்குப் போன கதை

மேசையில் வைத்து அந்தத் திருகை இனி என்னால் தொட முடியாது என்று சாரிடம் சொன்னேன். அலைக்கு எவ்வளவு வலு வேண்டும் என்று அலையில்தான் பார்க்க வேண்டும். முட்டம் கடற்கரையில் இதைச் சொன்னதும் அத்தனை பேரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள். வள்ளத்தில் பொம்பளை ஏறுவதில்லை. மீன்கூடையோடு நின்ற பிலோமி அக்காதான் கேட்டார், "வள்ளத்துக்க தலையில மாதா படம் ஒட்டி வச்சிருக்கியளே, மாதா பொம்பளை இல்லியா?" சூசை அண்ணன் தன் வள்ளத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டார். ஏறிவிட்டேன்.

ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், அது கடலில் விழாமலிருக்க மணிக்கட்டில் கயிறு. இன்னொரு கையில் வாளி. முதல் அலையிலேயே வாளிக்கு வேலை வந்துவிட்டது. அலை ஏறும்போது எஞ்சின் முனகுகிறதா என்று கேட்பேன், கால் சுற்று வெளியே திருப்புவேன், வாந்தி எடுப்பேன், அடுத்த அலை. சூசை அண்ணன் சலிக்காமல் வள்ளத்தைத் திருப்பித் திருப்பி அதே அலைகளுக்குள் ஓட்டினார். கடைசியில் ஓர் இடம் கிடைத்தது: வள்ளம் தயங்காமல் ஏறுகிறது, புகையும் இல்லை. அங்கே சிவப்புச் சாயம் தொட்டு வைத்தேன். அட்டையில் எண் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனாலும் பழைய எஞ்சின்கள் அதன் பக்கத்தில் வர முடியாது. கரையில் இறங்கியபோது அருளப்பன் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்து நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்: "எஞ்சின் குடிக்கியதக் குறைச்சது சரி இஞ்சினியர் அக்கா. நீங்க காலையில குடிச்சதயும் கடலுக்குக் குடுத்துட்டியளே!"

ஒரு லிட்டர் சோதனை

2012 வாக்கில் கரண்டு போகும் நேரம் எல்லாருக்கும் தெரியும். வரும் நேரம்தான் தெரியாது. மின்மோட்டார் வைத்திருந்த விவசாயிகள் எங்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். சுசீந்திரத்தில் தாணு அண்ணாச்சிக்கு வயல் பாசனச் சானலின் கடைசியில் இருந்தது. தண்ணீர் எட்டாத நாளில் ஓடையிலிருந்து இறைத்தாக வேண்டும். அவரிடம் ஒரு பழைய டீசல் எஞ்சினும் உண்டு. அதை விடவும் உங்களுடையது குறைவாகக் குடிக்கும் என்றால் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். இரண்டிலும் ஒரே அளவாக ஒரு லிட்டர் டீசல் ஊற்றினோம்.

பழையதை முதலில் ஓட்டினார். கறுப்புப் புகையில் வயலில் நின்ற கொக்குகள் ஒன்று பாக்கியில்லாமல் பறந்துபோயின. அது ஒருவழியாக ஓடி நின்றது. பிறகு எங்களுடையது. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் முன்னால் குந்தினார். பழையது நின்ற நேரம் தாண்டியது. எங்களுடையது ஓடியது. வயல் நிறைந்தது. கொக்குகள் திரும்பி வந்தன. வரப்பு தாண்டித் தண்ணீர் கீழ் வயலுக்குள் இறங்க ஆரம்பித்தது. "அண்ணாச்சி, நிறுத்திரட்டா?" என்றேன். "நிறுத்தப்பிடாது. சோதனைண்ணா சோதனைதான்" என்றார், கண்ணை எடுக்காமல். கீழ் வயல்காரர் ஆறுமுகம் வரப்பில் ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் கடைசிச் சொட்டையும் குடித்து நின்றபோது அவருடைய வயலும் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. அண்ணாச்சி எழுந்து, "நம்பிட்டேன்" என்றார். ஆறுமுகம் அவசரமாக எழுந்து வந்தார். "ஒரு லிட்டர்ல என்ன தெரியும் மக்கா? நாளைக்கு ஒரு ரெண்டு லிட்டர் ஊத்திச் சோதிச்சுப் பாரு. அண்ணாச்சிக்குச் சந்தேகமே இருக்கப்பிடாது!"

உபதேசியார் ஜிப்பா

அதே மின்வெட்டுக் காலத்தில் எங்கள் பட்டறைக்கும் கரண்டு வேண்டுமே. எங்கோ பழையதாக வாங்கிய ஒரு ஜெனரேட்டர் கொல்லைப்புறத்தில் நாள் முழுக்க ஓடியது. உள்ளே நாங்கள் புகை குறைந்த எஞ்சினுக்காக மயிரிழை அளந்துகொண்டிருந்தோம். பின்னால் அது வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும், உயிரோடிருந்த என் மூக்குக்குக்கூட, அது உறைக்கவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை பின்வீட்டு உபதேசியார் வந்தார். பக்கத்துச் சபையில் ஊழியம் செய்கிறவர், அதிர்ந்து பேசாதவர். கையில் கொடியிலிருந்து எடுத்த ஜிப்பா. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சாம்பல். "உலகத்துக்குப் புகையக் குறைக்கீங்க, சந்தோசம். எனக்க ஜிப்பா உலகத்துல சேராதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் எங்கள் எஞ்சின் ஒன்றையே எடுத்து, கரண்டு உண்டாக்கும் ஒரு ஆல்டர்னேட்டரோடு சேர்த்து ஓட்டினோம். ஜிப்பா வெள்ளையானது. அதைப் பார்த்துவிட்டு ரொட்டிக் கடைக்காரர் ஒன்று கேட்டார், ஐஸ் கம்பெனிக்காரர் ஒன்று கேட்டார். அந்த வேலைக்கென்றே அண்டி ஆபீஸ் பெண்கள் இன்னும் ஆறு பேர் உள்ளே வந்தார்கள். சபையும் ஒன்று வாங்கியது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கரண்டு போனால் மைக் நிற்கும், பிரசங்கமும் சுருங்கும். இப்போது எதுவும் நிற்பதில்லை. அப்படி முதல் ஞாயிறு முடிந்த மறுநாள் தங்கபாய் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். "எண்ணெய் குறைஞ்சு, புகை குறைஞ்சு, எல்லாம் சரி. பிரசங்கத்தக் குறைக்கியதுக்கும் அதுல ஒரு திருகு வைக்கப்பிடாதா பிள்ளே?"

பார்க்க வந்தது பெண்ணை

இதற்குச் சில வருஷம் முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஜெபராஜ். 'எஞ்சின்' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது, 'கம்பெனி வேலை' என்று சொன்னால் போதும் என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார். நகக்கண்ணில் இருந்த கிரீஸை அம்மா எலுமிச்சம்பழத்தால் தேய்த்துத் தேய்த்து விரலே சிவந்துவிட்டது. தனியாகப் பேசட்டும் என்று எங்களை முற்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "பைக் முன்ன மாதிரி ஓடமாட்டுக்கு. பெட்ரோல் நிறையக் குடிக்குது. எதுனாலயா இருக்கும்?"

எனக்கு உயிர் வந்தது. பட்டுச்சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு பைக் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்று வடிகட்டி தூசியால் அடைத்துப்போயிருந்தது. தட்டிச் சுத்தம் செய்து, கார்பரேட்டர் திருகையும் கொஞ்சம் சரிசெய்தேன். உள்ளேயிருந்து எல்லாரும் வாசலுக்கு வந்தபோது நான் கையெல்லாம் கறுப்பாக நிற்கிறேன். மாப்பிள்ளை பைக்கை உதைத்து ஓட்டி, "இப்பம் கொள்ளாம், இப்பம் கொள்ளாம்" என்று சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் போனபிறகு அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளில் சம்மதம் என்று தகவல் வந்தது, அடுத்த தை மாதம் கல்யாணமும் நடந்தது. ஆனால் தகவல் வந்த அன்று அப்பா நம்பவில்லை: "பொண்ணு பாக்க வந்தவன் பைக்கக் காட்டிட்டுப் போயிருக்கான். கலியாணத்துக்குச் சம்மதமா, சர்வீஸுக்குச் சம்மதமாண்ணு தெளிவாக் கேளுங்க!"

மீன் மணம்

முட்டத்தில் எங்கள் எஞ்சின்கள் பெருகியபின், பாறைகளை ஒட்டித் தண்ணீர்மேல் வானவில் மாதிரி மிதக்கும் மண்ணெண்ணெய்ப் படலம் குறைந்துவிட்டதாக சூசை அண்ணன் சொல்வார். வாங்கியவர் நம் முகத்துக்காக ஒன்று சொல்வது உண்டு, அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது குழித்துறைச் சந்தையில் மீன் வாங்க நின்றேன். விற்ற அம்மாவை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. கடப்புறத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிறவர். முன்னால் நின்ற ஒருவர், போன வாரம் வேறெங்கோ வாங்கிய மீனில் குழம்பு வைத்தால் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று சண்டைக்கு நின்றார். இந்த அம்மா சாளை மீன் ஒன்றை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது சத்தமில்லாத எஞ்சின் வச்ச வள்ளத்து மீனாக்கும். நல்லா மோந்து பாரும். மீன் நாத்தத்தத் தவிர வேற ஒரு நாத்தமும் இருக்காது, மாதாவாணை!"

தொழில் என்ற கட்டம்

தங்கபாய் அக்காவுக்கு ஏதோ ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. தாலுகா ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் போனோம், துணைக்கு நான். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எழுதியவர், தொழில் என்ற இடத்தில் கேட்காமலே 'வீட்டு வேலை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அக்காவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். எஞ்சினோடு அனுப்பும் விளக்கப் படங்களில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது. "அது என்ன எழுதியிருக்கு?" என்று விரலை வைத்தார். தோட்டெண்ணெயின் கறுப்பு எப்போதோ போய், நகத்தோரத்தில் கிரீஸ் இருந்த விரல்.

"வீட்டு வேலைண்ணு" என்றார் அவர்.

"அடிச்சுட்டு, எஞ்சின் ஃபிட்டர்ணு எழுதும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எஞ்சின் கோக்கும் ஃபிட்டர் வேலை ஆம்பளைகள் செய்வது, அப்படி எழுதினால் உள்ளே கேள்வி கேட்பார்கள், எதற்கு வம்பு என்றார். நான் வாயைத் திறந்தேன், அக்கா கையமர்த்தினார். அந்த வாரம்தான் அவருக்குக் கோக்கும் பிரிவின் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். இனி அவருக்குக் கீழே இருபத்துமூன்று பேர். அதற்கு அவர் பெயரைச் சொன்னவரே மாதவன் அண்ணன். அதையெல்லாம் அக்கா மனு எழுதுபவரிடம் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. பேனாவை எடுத்து அவர் கையில் திரும்ப வைத்து, பொறுமையாகச் சொன்னார்: "வீட்டு வேலையும் நாந்தான் செய்யுதேன். அது பொய்யில்ல. அதுக்கு வேற ஒரு கட்டம் போட்டு எழுதும்."

குறைந்த டீசலில் நாள் முழுக்க ஓடுகிற எஞ்சின்களை இத்தனை வருஷம் செய்து அனுப்பிய எங்கள் பட்டறையில், குறைந்த சாயாவில் நாள் முழுக்க ஓடுகிற ஒரு ஆளை மட்டும் கடைசிவரை எங்களால் செய்ய முடியவில்லை.